நீ தொட மறுத்த பாதம்

பீடத் துணிக்குக் கஞ்சி போட்டு, ஈரம் சற்றே இருக்கும்போது அயன் பெட்டியை வைத்தேன். சூடு பட்ட கஞ்சியின் வாசம் எழுந்தது. அது உன் வாசம். பவுடரும் சென்ட்டும் மணக்கப் பூசைக்கு வருகிறவர்கள் நடுவே நீ மட்டும் சோற்றுக் கஞ்சியும் நீலமும் மணக்க வந்து நிற்பாய். "மாதாக்கு முன்னால வேலைக்காரி மாதிரித்தான் நிக்கோணும், மச்சாள்" என்பாய்.

நீ செத்த பிறகு உன்னைப் பற்றிய கதை முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை.

கோயிலைப் புதுக்கிக் கட்டியிருக்கிறார்கள். பல வருடம் கோயில் வேலை பார்த்த பெண்களின் பெயர்களைக் கல்லில் வெட்டிச் சுவரில் பதிக்கப்போகிறார்கள். எந்தக் கிழமை யார் துணி தோய்த்தது, யார் பூ வைத்தது என்று நான் கொப்பிகளில் குறித்துவைத்திருப்பதால் பட்டியல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. உன் பெயரை முதலாவதாக எழுதினேன். உன் அளவுக்கு முறை எடுத்தவள் அந்தக் கொப்பிகளில் வேறு ஒருத்தியும் இல்லை.

போன ஞாயிறு பூசை முடியக் கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். உன் பெயரில் விரலை வைத்தார்.

"இது வேண்டாம் பிள்ளை. முடி விசயத்தைச் சனம் இன்னும் மறக்கேல்லை."

மாதா சொரூபத்தின் தலையில் வைக்கும் வெள்ளி முடி, கிரீடம். கொடியேற்றத்துக்கு முதல் நாள் அது காணாமல் போனது. சொரூப அறைப் பூட்டின் திறப்பு கோயில் வேலை பார்த்த எங்கள் நாலு பேரின் கையில்தான் புழங்கியது. எங்கள் கடற்கரையில் எது களவு போனாலும் முதலில் பொலிசுக்குப் போகமாட்டார்கள். மாதாவின் பாதத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொல்வார்கள். அன்று கோயிலில் முதலில் எழும்பிப் போனவள் நான். கை வைத்தேன், சொன்னேன், இறங்கினேன். மற்ற இருவரும் அப்படியே. நீ உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து எழும்பவே இல்லை.

"நான் எடுக்கேல்லை. ஓம் எண்டால் ஓம், இல்லை எண்டால் இல்லை. சத்தியம் பண்ணவேண்டாம் எண்டு ஆண்டவர்தானே சொன்னவர்."

"எடுக்காதவளுக்கு என்ன பயம்?" என்றார் மூப்பர்.

"பயம்தான். அவர் நீதவான். நீங்கள் அவரைச் சாட்சிக்கு இழுக்கிறியள்."

பின்னால் ஒருத்தி, "மன்னாரில இருந்து ஓடி வந்ததுகள், வேதமும் படிச்செல்லோ வந்திருக்குதுகள்" என்றாள். சனம் சிரித்தது. நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

திறப்பை உன்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகும் நீ ஒரு பூசையும் விடவில்லை. கடைசி வாங்கில், சுவரோரம். ஒரு நாள் கரையில் மீன் காயவைக்கும் வாடியில் கருவாடு திருப்பிப் போடும்போது உன்னிடம் கேட்டேன்: "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் முடிஞ்சிருக்குமேடி?"

"உனக்கு முடிஞ்சிருக்கும். நீ போய்க் கை வைச்ச உடனதான் நான் கள்ளி ஆனனான், தெரியுமோ?" என்றாய். கோபப்படவில்லை. அடுத்த மீனைத் திருப்பினாய்.

எனக்கு வேதாகமம் சொல்லித்தர ஒருவரும் இருந்ததில்லை. அன்றிலிருந்து நானாகவே எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஆபிரகாம் கடவுளுக்கு முன்னால் நின்று, நீதியாகத் தீர்க்கிறவர் இப்படிச் செய்யலாமா என்று வாதாடிய இடத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

முடி இன்றுவரை கிடைக்கவில்லை. நீ எடுக்கவில்லை என்று காட்ட என் கையில் ஒன்றுமே இல்லை. மூப்பருக்கும் அது தெரியும். அதனால்தான் போன ஞாயிறு, பட்டியலைக் கையில் வைத்தபடியே குரலைத் தணித்துச் சொன்னார்: "சரி, நீ அவளுக்காக மாதா பாதத்தில கை வைச்சுச் சொல்லு. பேர் இருக்கட்டும்."

சொரூபம் நாலு எட்டுத் தூரத்தில் இருந்தது. கை வைத்தால் உன் பெயர் கல்லில் ஏறும். மறைக்காமல் சொல்கிறேன், என் கால் ஒரு எட்டு வைத்துவிட்டது. பிறகு நின்றேன்.

"மாட்டன், மூப்பர். அவள் எடுக்கேல்லை. அது என்ர வாய்ச்சொல். சத்தியம்தான் வேணுமெண்டால் நீங்கள் பண்ணுங்கோ, அவள்தான் எடுத்தவள் எண்டு."

அவர் பாதத்தைப் பார்த்தார். கை எழும்பவில்லை.

"அப்ப பேர் வராது."

"என்ர பேரையும் பட்டியலில இருந்து வெட்டிவிடுங்கோ. அண்டைக்கு முதல் கை வைச்சவள் நான்."

கல்லில் நாம் இருவரும் இருக்கப்போவதில்லை. எனக்கு அதில் ஒரு கவலையும் கிடையாது. உன் வழக்கை யாரிடம் விட்டுப் போனாயோ அவரிடமே நானும் கேட்கிறேன், பணிந்து அல்ல, நின்று: நீர் நீதியுள்ளவர் என்றால் இவளின் வழக்கைத் தீர்த்துச் சொல்லும். அவர் வாய் திறக்கும்போது, அன்று தலை குனிந்தவளின் வழக்கும் சேர்ந்துதான் வரும். வரட்டும். எனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லும் என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கிழமை துணி முறை என்னுடையது. பீடத்தில் விரித்துவிட்டுப் போய்க் கடைசி வாங்கில், நீ இருந்த சுவரோரத்தில் இருப்பேன். சனம் திரும்பிப் பார்க்கும். இந்த முறை நான் குனியமாட்டேன்.