வலது காது இருக்கட்டும்

முத்தையாபுரம்
புதன் இரவு, மணி பன்னிரண்டே கால்

அன்புள்ள அத்தானுக்கு,

ஊரே தூங்கிய பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாப்பா பதினொன்றரைக்குத்தான் கண்ணை மூடினாள். கொழும்பில் உங்கள் கப்பலில் ஏறப்போகிற நேசக்குமார் அண்ணன் விடியற்காலை ஐந்து மணிக்குப் பார்சலை வாங்க வருகிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று நான்கு முறை அடித்து அழித்தேன். நீங்கள் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவீர்கள். இதற்குக் கட்டைவிரல் போதாது.

பார்சலில் மக்ரூன் இருக்கிறது. நொறுங்கியிருந்தால் அண்ணனைக் கேளுங்கள். உங்கள் வயிற்றெரிச்சல் மாத்திரையும் வைத்திருக்கிறேன். பாப்பாவுக்கு மேல்வரிசையில் இரண்டு பல் வந்துவிட்டது. என் விரலில்தான் கடித்துப் பழகுகிறாள்.

திங்கட்கிழமை நெல்லை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். கல்லூரி நாளிலிருந்து காது கேட்கிற மெஷின் போட்டிருக்கிற வலது காது, போன தடவையைவிட இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். பாப்பா பிறந்த பிறகு அறவே கேட்காமல் போன இடது காதில் ஆபரேஷன் செய்து உள்ளே காக்ளியர் கருவி வைத்தது போல, வலதிலும் வைத்துவிடலாம் என்றார் டாக்டர். இருபதாம் தேதி ஆபரேஷனுக்கு இடம் இருக்கிறது, சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றார். அதை உங்களுக்கு அனுப்பினேன். “வச்சிரு. ரெண்டும் ஒண்ணுபோல இருந்தா நல்லதுதான” என்று பதில் வந்தது.

அத்தான், ஒன்றை உங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். வலதில் வைத்தால், அந்தக் காதில் இயற்கையாக மிச்சமிருக்கிற கேட்கும் சக்தி போய்விடக்கூடும். போனால் திரும்பாது. காது கேட்கிற அளவைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் பெர்சி மேடம், மெஷினால் பயன் இருக்கிறவரை பொறுக்கலாம், இடதில் காக்ளியரும் வலதில் மெஷினுமாக இருக்கிறவர்கள் நிறையப் பேர், பிறகு தேவைப்பட்டால் அப்போது வைத்துக்கொள்ளலாம், முடிவை நான்தான் எடுக்க வேண்டும் என்றார்கள்.

பக்கத்து வீட்டு முத்துக்கனி அக்காவுக்கு இது பிடிபடவே இல்லை. “ஏளா, ஒரு காதுல ஒண்ணு, மறு காதுல வேறொண்ணா? செருப்ப மாத்திப் போட்ட மாதிரில்லா இருக்கு” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கேலி செய்தாலும் அவர் என்னிடம் பேசுகிறார். மற்றவர்கள் தண்ணீர்க் குழாயடியில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திச் சிரிக்கிறார்கள், தலையாட்டுகிறார்கள். எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதாம். சில நாள் ஒரு முழு வாக்கியம் யாரும் என்னிடம் சொல்லாமலே பொழுது அடைந்துவிடுகிறது. பாப்பா ஒருத்திதான் என் காதைப் பற்றிக் கவலைப்படாமல் கத்துகிறாள்.

நீங்களும் அப்படி ஆகிவிட்டீர்கள். குறை சொல்லவில்லை, தப்பு என்னுடையது. காக்ளியரை முதன்முதலாக ஆன் செய்த அன்று நீங்கள் டெக்கில் நின்று வீடியோவில் பேசினீர்கள். தகரத்தில் கூழாங்கல்லை உருட்டுகிற சத்தம்தான் எனக்கு வந்தது. பயந்துபோய் “பேசாதீங்க, டைப் பண்ணுங்க” என்று கத்திவிட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் முகம் வாடியதும் தெரிந்தது. அன்றைக்கு மட்டும் என்றுதான் நினைத்துச் சொன்னேன். ஏழு வாரமாகிறது. நீங்கள் டைப்தான் செய்கிறீர்கள்.

நேற்று, போன வருஷம் நீங்கள் அனுப்பிய குரல் செய்தி ஒன்றைத் தேடி எடுத்தேன். பதினொரு விநாடி. “சிலிண்டர் வந்துட்டா? ஒத்தையில தூக்காத. நான் ஞாயித்துக்கெழம கூப்பிடுதேன்.” மெஷினைக் கழற்றிவிட்டுக் காக்ளியரில் மட்டும் கேட்டேன். ஒரு சொல் தப்பவில்லை. ஆனால் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி, யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பிறகு காக்ளியரின் வெளிக்கருவியை எடுத்துவிட்டு மெஷினில் மட்டும் கேட்டேன். ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனால் நீங்கள்தான். முடிக்கும்போது உங்கள் குரல் இறங்குமே, அந்த இறக்கம் அப்படியே இருந்தது. இரண்டையும் மாட்டிக்கொண்டு போட்டேன். சிலிண்டர் வந்ததா என்று என் புருஷன் கேட்டார். அதன் பிறகு எத்தனை தடவை போட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

வலது காது எவ்வளவு நாள் தாங்கும் என்று பெர்சி மேடத்திடம் கேட்டேன். பத்து வருஷமும் இருக்கலாம், ஆறு மாதத்தில் இறங்கினாலும் இறங்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார்கள். நீங்கள் கப்பலிலிருந்து இறங்கி வர இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. பாப்பா இப்போதுதான் ‘ம்மா’ என்று தொடங்கியிருக்கிறாள்.

டாக்டரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்ல நினைக்கிறேன். பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். முத்துக்கனி அக்கா சொல்வதுதான் சரியோ, பின்னால் அழுவேனோ என்று எனக்கும் கலக்கமாக இருக்கிறது. நீங்களும் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் தைரியமாகப் போய்ச் சொல்லிவிடுவேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இரவு வேலையில் பார்த்து நடங்கள். திருச்செந்தூரான் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும். டைப் செய்ய வேண்டாம். பின்னால் எஞ்சின் இரைந்தாலும் பரவாயில்லை, பேசி அனுப்புங்கள். கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்கள், அத்தான்.

உங்கள்
இந்துமதி