அஷ்டமியில் முழு நிலா

சிவமயம்

காஹாங்,
சுபானு வருஷம் ஐப்பசி மாதம்

அன்பு மகள் வேதநாயகிக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே அப்பா இருக்கிறார், நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். அங்கே உன் சுகமும் மாப்பிள்ளை தங்கராஜு சுகமும் பேத்தி சுகமும் அறிய ஆவல். பென்சில் துண்டாகிவிட்டது, சாமான் சுற்றி வந்த தாளில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள். இதைத் தபாலில் போடவில்லை, போட்டால் ஜப்பான்காரர்கள் பிரித்துப் பார்ப்பார்கள். குளுவாங் ரயில் பட்டறையில் இருக்கும் உன் லெட்சுமணன் மாமா வேலை விஷயமாக உங்கள் தாப்பா பக்கம் வருகிறான், அவன் கையில் கொடுத்திருக்கிறேன். அதனால் யாருக்கும் பயப்படாமல் மனதில் இருப்பதை எழுதலாம்.

தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டு பாதி நின்றுவிட்டது. மேல் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மரங்களைச் சாய்த்து மரவள்ளி போட்டிருக்கிறோம், மூன்று வேளையும் அதுதான், அவித்தாலும் கிழங்கு அரைத்தாலும் கிழங்கு. தீபாவளி வந்து போனது. எண்ணெய் தேய்த்துக்கொள்ள எண்ணெய் இல்லை, நான் அப்பாவுக்கு வெந்நீர் மட்டும் வைத்துக் கொடுத்தேன், அவரும் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். உன் கல்யாணப் புடவையை இன்னும் விற்கவில்லை, விற்கவும் மாட்டேன், கோணியைக் கட்டிக்கொண்டாவது இருப்பேன். போன கடிதத்தில் நீ எழுதியிருந்ததைப் பலமுறை படித்தேன். குளுவாங் ஆஸ்பத்திரியில் உனக்கு நர்ஸ் வேலை பழக்கிக் கொடுத்த யாழ்ப்பாணத்து மிஸ்ஸி செல்லப்பாக்கியம் இப்போது உங்கள் டவுன் ஆஸ்பத்திரியில் இருப்பதும், கை போதவில்லை வா என்று உனக்கு ஆள் மேல் ஆள் அனுப்புவதும், தங்க அறை உண்டு, மாப்பிள்ளைக்கும் அங்கேயே தண்ணீர் தூக்குகிற வேலை உண்டு என்று சொன்னதும் படித்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததைப் படித்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. குழந்தை இன்னும் பால் மறக்கவில்லை என்கிறாய், ஜப்பான் பாஷை தெரியாது என்கிறாய், பழகினதெல்லாம் மறந்துவிட்டது என்கிறாய், மாமியார் கார்த்திகை பிறக்கட்டும் என்கிறார் என்கிறாய். அதே கடிதத்தில், கங்காணி இரண்டாம் தடவையாக வந்து சயாம் ரயில் பாதை வேலைக்கு மாப்பிள்ளை பெயரை எழுதிக்கொண்டு போனான் என்றும் எழுதியிருக்கிறாய். இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுத உனக்கு எப்படியம்மா கை வந்தது.

நீ எழுதினதைப் படிக்கும்போது எனக்கு உன் குரல் கேட்கவில்லை, உன் தம்பி ஜெயபாலன் குரல்தான் கேட்டது. அவனைப் பற்றி உனக்கு இதுவரை எழுதாமல் இருந்தேன், தபாலில் எழுத முடியாது. இப்போது எழுதுகிறேன், குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டு உட்கார்ந்து படி. சித்திரையிலேயே லெட்சுமணன் மாமா சொல்லி அனுப்பினான், பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள், பையனை உடனே அனுப்பு, பட்டறை ஆட்களைச் சயாமுக்குப் பிடிப்பதில்லை, தொழிலும் கைக்கு வரும் என்று. இரும்பு வேலை என்றால் அவனுக்கு உயிர் என்று உனக்கே தெரியும், சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளைக் கழற்றிப் போட்டுவிட்டு அடி வாங்கினவன்தானே. ஆனால் புறப்படச் சொன்னால் மட்டும் அவன் வாயில் ஒரு காரணம் தயாராக இருக்கும். சைக்கிள் டயர் போய்விட்டது என்றான், அப்பா ரப்பர் ஷீட்டை வெட்டிச் சுற்றிக் கொடுத்தார். போட்டுக்கொள்ளச் சட்டை இல்லை என்றான், என் பழைய ரவிக்கைத் துணியை ஒட்டுப் போட்டுத் தைத்தேன். மழை என்றான். எல்லாம் தீர்ந்த பிறகு பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டான். சண்டையில் ஊர்க் கப்பல் நின்றதற்கு முன்னால் வந்த, இரண்டு வருஷம் பழைய விசு வருஷத்துப் பஞ்சாங்கம் அது, புதிது வராததால் தோட்டமே அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தது, தேதியை வைத்துத் திதி பார்த்துக்கொண்டு. இன்னிக்கு நவமிம்மா, இன்னிக்குக் கரிநாள்மா என்பான். ஒருநாள் தேய்பிறை அஷ்டமி, வேணாம்மா, அப்புறம் போறேன் என்று சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். விளக்கு வைக்கிற நேரம், ரப்பர் மரத்துக்கு மேலே முழு நிலா எழும்பி வருகிறது. அஷ்டமியில் ஏதுடா பௌர்ணமி நிலா என்று கேட்டேன். அவன் மேலே பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு சிரித்தான். அந்தப் பஞ்சாங்கம் பொய் என்று அவனுக்கு எப்போதோ தெரியும் வேதா. போய்ச் சேர்ந்து, உனக்கு வேலை வராது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் அவனுக்கு. அதைச் சொல்ல வெட்கப்பட்டு அஷ்டமியையும் நவமியையும் சொன்னான்.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு மூட்டையையும் கட்டிவிட்டான், உண்மையாகவே புறப்பட்டுவிட்டான். அப்போது ஸ்டோர் முன்னால் அரிசி கொடுக்கிறார்கள், ஆம்பளைகள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று வேலை மேய்க்கிற மண்டோர் கூவிக்கொண்டு போனான். எனக்கு அப்போது காய்ச்சல், அப்பா காட்டு வேலைக்குப் போயிருந்தார். அரிசிய வாங்கிக் கொடுத்துட்டு நாளைக்குப் போறேம்மா என்று சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு ஓடினான். ஸ்டோருக்குப் பின்னால் லாரி நின்றிருக்கிறது. அரிசிக்கு வரிசையில் நின்றவர்களை அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அத்தனை நாள் அவன் சொன்ன காரணங்களில் அந்த ஒன்றுதான் உண்மையானது, என் பசிக்காக நின்றான். அதுதான் என்னைத் தின்கிறது.

புரட்டாசியில் நடு லயத்து அர்ச்சுனன் சயாமிலிருந்து திரும்பி வந்தான், காலெல்லாம் புண், அடையாளம் தெரியவில்லை. ரயில் பாதைக்குச் சடக்குப் போடுகிற இடத்தில் ஜெயபாலனும் அவனும் ஒரே கொட்டகையில் இருந்தார்களாம். காலரா வந்து, மழையில், ஒரே நாளில் முடிந்துவிட்டதாம். தூக்கிப் போட்டவர்களில் நானும் ஒருவன் அக்கா என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அது வேறு ஜெயபாலனாக இருக்கும் என்றார். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார், சாப்பாட்டுக்கு அவன் தட்டையும் கழுவி வைக்கச் சொல்கிறார். அதுவும் ஒரு சாக்குதான், ஆனால் அதை மட்டும் அவரிடமிருந்து நான் பிடுங்க மாட்டேன். லயத்தில் பாதி வீடு காலி. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கப் பிரட்டுக்குக் கூப்பிடுகிற நேரத்தில் நான் தண்ணீருக்குப் போகும்போது அந்த வீடுகளைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு குரல் கேட்கிறது, பல்வலி போகட்டும் என்று ஒன்று, மாடு கன்று போடட்டும் என்று ஒன்று, சம்பளம் வாங்கிக்கொண்டு போகிறேன் என்று ஒன்று. எல்லாம் அந்தந்த வீட்டு ஆட்கள் பிடிபடுவதற்கு முன்னால் சொல்லி நான் காதால் கேட்டவைதான். எங்கள் வாசலுக்கு வந்தால் நாளைக்குப் போறேம்மா என்கிறது. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைக்காதே, காய்ச்சலும் இல்லை.

உனக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். அந்த மிஸ்ஸி கண்டிப்பானவள், மறந்துபோனதற்குத் திட்டுவாள், ஜப்பான் டாக்டர் முன்னால் கை நடுங்கும். திட்டினால் வாங்கிக்கொள். நடுங்கினால் நடுங்கிக்கொண்டே கட்டுப் போடு. சமர்த்து இல்லாமல் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, சமர்த்தை மூட்டை கட்டிக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனவர்களைத்தான் பார்க்கிறேன். குழந்தைக்குக் கஞ்சி பழக்கு. பாஷை கேட்கக் கேட்க வரும். உன் மாமியாரிடம் கோபப்படாதே, இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு, அவரும் பிள்ளை பெற்றவர்தான். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, ஆஸ்பத்திரி வேலையில் இருந்தால் அவரைப் பிடிக்க மாட்டார்கள், அவர் பின்னால் வருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதே.

நீயும் உன் புருஷனும் பேத்தியும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், உன் கையால் நாலு பேர் பிழைக்க வேண்டும், முருகன் துணை. ஒன்று மட்டும் மறக்காதே. இதைப் படித்ததும் தம்பி போய்விட்டான், தீட்டு, இப்போது எப்படிப் புறப்படுவது என்று உனக்குத் தோன்றும், ஊரும் அதையே சொல்லும். இதைவிட நல்ல காரணம் யாருக்கும் கிடைக்காது, அதனால்தான் பயப்படுகிறேன். தலை முழுகாதே, பதில் எழுதவும் உட்காராதே. நீங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்குள் போவதைக் கண்ணால் பார்க்காமல் திரும்பி வரக்கூடாது என்று மாமாவிடம் சத்தியம் வாங்கி அனுப்பியிருக்கிறேன், அவன் வெளியே நின்றுகொண்டிருப்பான். அழ வேண்டும் என்றால் அங்கே போய் அழு.

இப்படிக்கு
உன் அம்மா
நாச்சாள்