அவிழ்க்காத துணி

அக்கா,

கல்லூரி நூலகத்தில் இன்று ஒரு தடித்த ஆய்விதழ்த் தொகுப்பைத் திறந்ததும் உன் தாவணியின் வாசம் அடித்தது. தாள்களுக்கிடையே வெள்ளைப் பொடி. "பூச்சி மருந்துதாங்க, பொஸ்தகத்தை அரிக்காம இருக்கத் தூவுறோம்" என்றார் அங்கே அலமாரி துடைக்கும் பெரியவர். உன்னைப் போலவே அவரும் வெறுங்கையால்தான் தூவுகிறார்.

அந்தத் தொகுப்பில் எலிகளின் மூளையைப் பற்றி ஒரு கட்டுரை. நரம்புச் செல் ஒன்று அடுத்ததற்குச் சேதி சொல்ல ஒரு வேதிப்பொருளை வெளியே விடுகிறது. சொல்லி முடித்ததும் அதைத் திரும்ப உள்ளே இழுத்துச் சிறு பைகளில் அடைக்க வேண்டும். சில பூச்சிக்கொல்லிகள் அந்த வேலையைக் குலைத்துவிடுகின்றனவாம். பைகள் என்ற இடத்துக்கு மேல் படிக்க முடியவில்லை.

நீ அடைத்ததும் பைகள்தானே. எமர்ஜென்சி முடிந்த வருஷம். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் பாலம் தாண்டி, பாலக்கரைப் பூச்சிமருந்துக் கடையின் பின்கட்டில், சாக்குப் பொடியைக் கையால் அள்ளிப் பாலிதீன் பையில் போட்டு, மெழுகுவர்த்திச் சுடரில் பையின் வாயை ஒட்டுவாய். முதல் வாரம் மூக்கில் துணி கட்டியிருந்தாய். முதலாளி சிரித்தாராம்: "என்ன மகாராணி, நம்ம சரக்கு நாறுதா? வாங்க வர்றவன் பாத்தா பயந்துக்க மாட்டானா?" நீ அவிழ்த்துவிட்டாய். "சும்மா பவுடர்தான்டி, அவரே சொல்றாரு" என்று ஒரு பிடி வீட்டுக்கும் கொண்டுவந்து, பேனுக்காக என் தலையில் தேய்த்தாய். நானும் சுகமாகக் குனிந்திருந்தேன்.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று காபி டம்ளர் டபராவில் கடகடத்தது. "பொண்ணுக்கு ரொம்ப வெக்கம் போல" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "ஆமாங்க, கைக்கு மட்டும்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். விரல்கள் நிற்கவில்லை. அவர்கள் திரும்பி வரவும் இல்லை. டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் எழுதினார். அம்மா சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டாள். என்ன வேலை செய்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

மறு மாதம் அந்தப் பின்கட்டிலேயே வலிப்பு வந்து விழுந்தாய். எழவில்லை. முதலாளி மாலையோடு வந்து, "பொறந்ததிலேர்ந்தே இருந்திருக்கும்" என்றார். எனக்குத் தினமும் பின்னலிட்ட கை அது. அந்தக் கடைக்குப் போகும்வரை ஒரு நாள்கூட வகிடு கோணியதில்லை.

உன்னைக் கொன்றது அந்தப் பொடிதான் என்று கட்டுரை சொல்லாது. அது எலிகளைப் பற்றியது. எலிகளின் நடுக்கத்தைக் குறித்துவைக்க ஆள் இருந்திருக்கிறது, அக்கா.

கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு மறுபடி படிக்க உட்கார்ந்தேன். "என்னங்க, ஆபரேஷனா?" என்று சிரித்தார் பெரியவர்.

"அது விஷங்க. நீங்களும் கட்டிக்கங்க. கையை நல்லாக் கழுவிட்டுச் சாப்பிடுங்க."

என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. மேஜைகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. நான் அவிழ்க்கவில்லை.