தக்காளி முடியட்டும் என்றேன்

கராமா, துபாய்
ஞாயிறு, ஜனவரி 18

அன்புள்ள சம்யுக்தாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதப் பேனா வரவில்லை. நீயும் மாப்பிள்ளை பாலாவும் அந்தக் கனடாக் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்க மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பா காதில் விழும், அது உனக்கே தெரியும். அதோடு இதைப் பேச ஆரம்பித்தால் நடுவில் அழுதுவிடுவேன், நீ வினிபெக்கில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வாய். எழுதி முடித்து ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன், மூலையில் எண் போட்டிருக்கிறேன், வரிசையாகப் படி. தமிழ் வேகமாக வராவிட்டால் பாலாவைப் படிக்கச் சொல், அவர் கேட்கக் கூடாதது இதில் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளைக்குப் போன மாதம் வந்த காதுவலி நின்றதா? தொப்பி இல்லாமல் குப்பை போடக்கூட வெளியே போகவிடாதே.

கவானீஜ் பண்ணைக்கு நான் சனிக்கிழமை தோறும் போய்வந்தது உனக்குத் தெரியும், படங்கள் அனுப்பியிருக்கிறேன். நீ கல்யாணமாகிப் போன அந்த வருஷம் பகலெல்லாம் டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன். உன் பழைய பள்ளிக்கூடத்து அகிலா டீச்சர்தான் மெட்ரோவின் கடைசி ஸ்டேஷனுக்கு வாருங்கள், அங்கிருந்து வேன் இருக்கிறது என்று இழுத்துக்கொண்டு போனார். ஒரு அரபிப் பெரியவர் தன் நிலத்தின் ஓர் ஓரத்தை எங்களைப் போன்றவர்களுக்குச் சும்மா விட்டிருந்தார். விளைந்ததில் பாதியை வந்தவர்கள் எடுத்துக்கொள்ளலாம், மீதி அல் கூஸ் தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸுக்குப் போகும். ஆரம்பத்தில் நாற்பது பேர் வந்தோம். குழந்தைகள் கத்தரிக்காயோடு படம் எடுத்துக்கொள்ளும், பெரியவர்கள் தொப்பியைச் சரிசெய்துகொள்வார்கள், பத்து மணி வெயில் ஏறியதும் பாதிப் பேர் காரில் ஏறிவிடுவார்கள். நான் வேன் வரும் வரைக்கும் இருப்பேன். முழங்கால் வலியால் குனிந்து களை பிடுங்க முடியாது, அதனால் எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு சொட்டுநீர்க் குழாயின் ஓட்டைகளில் அடைத்த உப்பை ஊசியால் குத்தி எடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். அற்ப வேலைதான், ஆனாலும் குத்தியவுடன் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும்போது மனசுக்கு ஒரு மாதிரி நன்றாக இருக்கும். வாரம் முழுக்க அந்த ஒரு காலைக்காகத்தான் இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பண்ணையை உண்மையில் நடத்தியது நாங்கள் இல்லை, முனியசாமிதான். முதுகுளத்தூர்ப் பக்கம், நாற்பத்தெட்டு வயசு, பெரியவரின் விசாவில் பத்தொன்பது வருஷமாக அங்கேயே ஒரு தகர ரூமில் இருந்தவர். நாங்கள் சனிக்கிழமை நட்டுவிட்டு வந்ததை மற்ற ஆறு நாளும் உயிரோடு வைத்திருந்தவர் அவர்தான். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். போன கோடையிலேயே கிணற்றுத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்துவிட்டது. செப்டம்பரில் கீரைப் பாத்தி மேலெல்லாம் வெள்ளை பூத்தது, இலை ஓரம் நெருப்புப் பட்டதுபோல் கருகியது. உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, "உப்புத் தண்ணிக்குப் பயந்துதான்க்கா ஊர விட்டு ஓடியாந்தேன், இங்கயும் பின்னாலயே வந்திருச்சு" என்று சிரித்தார். கூட்டமும் குறைந்துகொண்டே வந்தது. வெயில் தணிந்தும் எட்டு ஒன்பது பேர்தான் வந்தோம்.

ஆகஸ்டில் அந்த அரபிப் பெரியவர் காலமாகிவிட்டார். அக்டோபர் முதல் வாரம் அகிலா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மகன்கள் நிலத்தை விற்றுவிடப் போகிறார்கள், டிசம்பர் முடிவில் காலி செய்யவேண்டும், முனியசாமி விசாவையும் கேன்சல் செய்வார்கள், அவர்களே அவரிடம் சொல்லும்வரை நாம் வாயைத் திறக்கவேண்டாம் என்றார். சொன்னால் அவர் மனசு விட்டுவிடும், கேம்ப்புக்குக் காய் போகாது என்றார். நானும் சரி என்றேன். அகிலாவைக் குறை சொல்ல மாட்டேன், தலையாட்டியது என் தலை.

அடுத்த சனிக்கிழமை போனால் மனுஷன் தக்காளி நாற்று நட நான்கு பாத்தி தயாராக வைத்திருக்கிறார். டேங்கர் தண்ணீரைக் கிணற்றுத் தண்ணீரோடு கலந்துவிட்டால் உப்பு தெரியாது என்று கணக்குப் போட்டு, ஆட்டு எரு போட்டு, நிழல் வலையை எல்லாம் தைத்து வைத்திருந்தார். நான் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் வந்து குத்தவைத்தார். ஊரில் அவர் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார்களாம், தம்பி வீட்டில் இருக்கிறார்களாம், வருகிற மாதம் லீவு கேட்டால் கிடைக்கும் போலிருக்கிறதாம். "அக்கா, இப்பப் போயிட்டு வந்திரவா, இல்ல தக்காளிய முடிச்சிட்டு மார்ச்சுல போவமா? நீங்க படிச்சவுக, ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். சம்யு, அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "தக்காளி முடியட்டும் முனியசாமி, இவ்வளவு தூரம் பாடுபட்டு விட்டுட்டுப் போவீங்களா" என்றேன். அவர் லீவில் போனால் ஊரில் இருக்கும்போதே விசாவை முடித்துவிடுவார்கள், இன்னும் இரண்டு மாதம் இங்கே இருந்தால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று அவர் நன்மைக்காகத்தான் சொன்னேன் என்று அன்றைக்கு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதெல்லாம் பொய். வேறு வேலை தேடு என்று நான் அவரிடம் சொல்லவே இல்லையே. அவர் போய்விட்டால் பண்ணை அந்த வாரமே நின்றுவிடும், என் சனிக்கிழமை போய்விடும், அதுதான் காரணம். உன்னிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப் போகிறது. அவர் சரிக்கா என்று எழுந்து நாற்று நடப் போனார், நான் ஊசியால் குத்திக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் மூன்றாம் தேதி புதன்கிழமை அவர் அம்மா போய்விட்டார்கள். பாஸ்போர்ட் பெரியவர் வீட்டில் இருந்தது, மகன்கள் ஊரில் இல்லை, போனுக்குப் பதில் இல்லை. தம்பி கொள்ளி வைத்ததை முனியசாமி தக்காளிப் பாத்தி நடுவில் நின்றுகொண்டு போனில் பார்த்திருக்கிறார், அங்கேதான் சிக்னல் நன்றாக வருமாம். சனிக்கிழமை நாங்கள் போனபோது தானே ரேசரால் மொட்டை போட்டுக்கொண்டு, காதுக்குப் பின்னால் இரண்டு மூன்று வெட்டோடு, செடிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் துக்கம் கேட்டார்கள். நான் ஸ்டூலை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனேன். அவரே வந்து, "நீங்க என்னக்கா பண்ணுவீக, அதுக்கு விதி முடிஞ்சிருச்சு" என்று எனக்குச் சமாதானம் சொன்னார்.

அதற்குப் பத்து நாள் கழித்து மகன்களின் ஆள் ஒருவன் ஜீப்பில் வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனான். காய் பழுக்க இன்னும் ஒரு மாதம் ஆகும், அதுவரை விடக்கூடாதா என்று முனியசாமி கேட்டாராம். "மாஃபி, கலாஸ்", கிடையாது, முடிந்தது என்று இரண்டே வார்த்தை. அந்தச் சனிக்கிழமை நாங்கள் வேனில் இருந்து இறங்கியதும் முனியசாமி நேரே என்னிடம் வந்தார். "அக்கா, ஒங்களுக்கு இது முன்னமே தெரியுமா?" என்றார். இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். தெரியும், அக்டோபரிலேயே தெரியும் என்றேன். திட்டினால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். "போன்னு சொல்லியிருக்கலாமேக்கா" என்றார், அவ்வளவுதான். போய் மோட்டாரைப் போட்டு, பத்து நாளில் அழியப் போகிற செடிக்குத் தண்ணீர் பாய்ச்சினார்.

எதையாவது செய்து இதைச் சரிக்கட்டிவிடலாம் என்று பைத்தியம் மாதிரி அலைந்தேன். அகிலாவோடு பெரிய மகனைப் போய்ப் பார்த்தேன். காவா என்கிற அரபிக் காப்பியும் பேரீச்சம்பழமும் கொடுத்து மரியாதையாகத்தான் பேசினார், இது ஆறு பேர் சொத்து, என் கையில் இல்லை என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார். இனி அப்பா கம்பெனியில்தான் கேட்கவேண்டும் என்று வீட்டுக்கு வந்து, உங்கள் ஆபீஸில் ஒரு ஹெல்பர் வேலை, எந்த சைட்டாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று விடாமல் நச்சரித்தேன். அப்பா டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சீதா, என் வேலையே மார்ச் வரைக்கும்தான்" என்றார்.

வேலையை விட்டு நிறுத்துகிற கடிதம் செப்டம்பரிலேயே கொடுத்துவிட்டார்களாம். ஒரு வருஷமாக அவருக்கு வலது கை நடுங்குகிறது. எனக்குத் தெரியாமல் டாக்டரிடம் போயிருக்கிறார், நரம்பு வியாதி, மாத்திரையில் கொஞ்சம் மெதுவாகும், நிற்காது என்று சொல்லிவிட்டார்களாம். டிராயிங் போடுகிறவருக்குக் கை நடுங்கினால் யார் வைத்துக்கொள்வார்கள். மூன்று மாதமாக ஒன்றுமே நடக்காததுபோல் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்வந்திருக்கிறார். தம்ளரை இடது கையால் பிடிப்பதை நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன் பார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீயாவது சனிக்கிழமை சந்தோஷமாகப் போய்வருகிறாய், அதை ஏன் கெடுப்பது என்று நினைத்தேன் என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

முனியசாமி டிசம்பர் 29 திங்கட்கிழமை ஊருக்குப் போனார். அன்று நான் டாக்ஸி பிடித்துப் பண்ணைக்குப் போனேன். தக்காளி அத்தனையையும் பச்சையாகவே பறித்து, பதினோரு அட்டைப்பெட்டியில் அடுக்கி, கேம்ப்புக்கு என்று எழுதி வைத்திருந்தார். பழுக்காது, ஆனால் துவையல் அரைக்கலாம், சாம்பாரில் போடலாம், சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள் என்றார். அவர் வீட்டம்மாவுக்கு ஒரு புடவையும் கொஞ்சம் பாதாமும் கொண்டுபோயிருந்தேன். "வேணாம்க்கா, லக்கேஜ் வெயிட் கூடிப்போகும்" என்றார். அவர் கையில் இருந்தது ஒரே ஒரு பை, அதுவும் பாதிதான் நிரம்பியிருந்தது. நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. வண்டியில் ஏறும்போது, "போறேன்க்கா" என்றார். போயிட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. நம் பக்கத்தில் சண்டைக்காரன் வீட்டில்கூட யாரும் அப்படிச் சொல்லிவிட்டு இறங்குவதில்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்தீர்களா என்று மெசேஜ் போட்டேன், பார்த்திருக்கிறார், பதில் இல்லை. பெட்டிகளை நானும் அகிலாவும் அல் கூஸில் இறக்கிவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். வேலி போட்டுவிட்டார்கள். குழாய்களைப் பிடுங்கிக் குப்பையாகக் குவித்திருந்தார்கள். உள்ளே போக முடியவில்லை, போயும் ஒன்றும் ஆகப் போவதில்லை. இப்போதும் சனிக்கிழமை ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, படுத்தே கிடக்கிறேன்.

இதையெல்லாம் உன்னிடம் எழுதக் காரணம் இருக்கிறது. போன வாரம் நீ போனில், அம்மா, மே மாதம் வரட்டுமா, இல்லை புது வேலையில் லீவு சேரட்டும் என்று அடுத்த வருஷம் வரட்டுமா என்று கேட்டாய். அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார், வேண்டாம் என்று தலையசைத்தார். நானும் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, வேலையைப் பார் கண்ணு, அடுத்த வருஷம் நிதானமாக வா என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பதே உறைத்தது. ஒரு மகனிடம் அப்படிச் சொல்லி அவன் தாய் முகத்தைப் பார்க்கவிடாமல் செய்தேன், இப்போது பெற்ற மகளிடமே அதைச் சொல்கிறேன். அப்பாவுக்கு இப்போது உயிருக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. ஆனால் பேனா பிடிக்கிற கை இன்னும் எத்தனை நாளைக்கு என்று டாக்டரே சொல்லவில்லை. நடை வேறு சின்னச் சின்ன அடியாக ஆகிவிட்டது. நீ வந்து எதையும் மாற்றிவிடுவாய் என்று நான் நம்பவில்லை, நம்பிக்கையெல்லாம் என்னிடம் தீர்ந்துவிட்டது. இருந்தாலும் வா. மே மாதமே வா.

எங்கே வருவது என்று கேட்பாய். மார்ச்சில் அப்பா விசா முடிந்தால் என் விசாவும் அதோடு சரி, இந்த ஃப்ளாட்டும் சரி. இருபத்தேழு வருஷம் இங்கேயே இருந்ததில் மதுரையில் நமக்கென்று ஒரு வாசல் இல்லாமல் போய்விட்டது, சித்தப்பா வீட்டில் ஒரு வாரம் இருக்கலாம், இரண்டு வாரம் இருக்கலாம். அப்பா ஏதோ யோசிக்கிறேன் என்கிறார், ஆனால் அவர் ஒன்றும் யோசிக்கவில்லை, ஜன்னல் வழியாகக் கீழே பஸ் ஸ்டாப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீ டிக்கெட்டை மட்டும் யோசித்து வை, ஊர்ப் பெயரை நான் பிறகு சொல்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயசு ஒன்றாக, ஒருவருக்கொருவர் எதையும் மறைக்காமல் வாழவேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் இந்த ஒன்றுதான். இரும்பு மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள். இதைப் படித்ததும் என்னைக் கூப்பிடாதே, அப்பாவைக் கூப்பிடு. எனக்கு எல்லாம் தெரியும் அப்பா என்று சொல், அவர் அழுதால் அழவிடு, போனை மட்டும் வைத்துவிடாதே.

உன் அம்மா
சீதாலட்சுமி ரகுநாதன்