மார்ச் பதினான்குக்குள்

கிரான்பர்ன்,
மெல்பேர்ன்,
9 நவம்பர் 2025

என் இஞ்சருங்கோவுக்கு,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, கடிதத்திலும் 'இஞ்சருங்கோ'தான். நானும் வினுஷாவும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். என் வலது முழங்கால் சம்மதிக்கவில்லை. முதியோர் இல்லத்தில் எட்டு மணித்தியாலம் வேலைக்கு நின்றுவிட்டு வந்தால், காரிலிருந்து இறங்கவே பிள்ளையாரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் கதைத்தால் மூன்றாவது நிமிடமே சண்டை வருகிறது. நீங்களோ கொள்கை என்று அந்தப் பெரிய கணனிக் கம்பெனிகளின் செயலிகளையெல்லாம் அழித்து, மின்னஞ்சலையும் மூடிவிட்டீர்கள். மனதில் உள்ளதைச் சொல்ல வேறு வழியில்லாமல் முத்திரை வாங்கி எழுதுகிறேன். தபாற்கந்தோரில் நின்ற பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

இரண்டு வருடத்தில் முடித்துவிட்டு வாறன் என்று சொல்லித்தானே உங்கள் பழைய நகரசபை வேலைக்கு ஜேர்மனிக்குத் திரும்பிப் போனீர்கள்? ஒக்டோபரோடு இரண்டு வருடம் முடிந்துவிட்டது. "அப்பா எப்ப வாறார்?" என்று கேட்பதை வினுஷா நிறுத்திவிட்டாள். பதினாறு வயது. நான் ஏதாவது கேட்டால் "வட்எவர், அம்மா" என்கிறாள்.

குளிருக்குத் தடித்த கோட்டைப் போடுங்கோ. சமைத்துச் சாப்பிடுங்கோ, வெறும் பாண் துண்டோடு நாளைப் போக்காட்டாதீங்கோ.

உங்கள் தர்சினி

*

ஜேர்மனி,
27 நவம்பர் 2025

அன்பின் தர்சினிக்கு,

உம்முடைய கடிதம் நேற்றுக் கிடைத்தது. முழங்காலை டொக்டரிடம் காட்டும். பிறகு, பிறகு என்று இழுக்காதேயும்.

இங்கே வேலை தலைக்கு மேல். இந்த ஊரின் பிறப்புப் பதிவு, பள்ளிக்கூடம், மேயரின் மின்னஞ்சல் எல்லாமே கடலுக்கு அப்பால் உள்ள ஒரே கம்பெனியின் கணனிகளில் கிடக்கின்றன. அங்கே எவனோ ஒருவன் கோபத்தில் சுவிட்சைத் தட்டினால், அடுத்த நாள் இங்கே ஒரு குழந்தையின் பெயரைக்கூடப் பதிய முடியாது. எங்கள் பதிவுகள் எங்கள் கட்டிடத்தில், எங்கள் சொந்தக் கணனிகளில் இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடு. ஐரோப்பா முழுக்க இப்போது இதே கதைதான். கதைக்க எல்லோருக்கும் விருப்பம். மாறச் சொன்னால்தான் முகம் கறுக்கிறது.

போன கிழமை நகரசபையின் கல்லறைப் பிரிவை மாற்றினோம். இங்கே கல்லறை இடமும் குத்தகைக்குத்தான். அங்கே வேலை செய்கிற ஒரு அம்மா, தவணை முடிந்த கல்லறைக்குச் சிவப்பு, மற்றதுக்குப் பச்சை என்று இருபது வருடமாக அட்டவணை கட்டி வைத்திருந்தா. புதிய மென்பொருளில் திறந்தால் நிறமெல்லாம் போய்விட்டது. அவ அழுதேவிட்டா. பக்கத்தில் இருந்து மூவாயிரம் வரிக்கும் திரும்ப நிறம் பூசிக் கொடுத்தேன். உம்முடைய புருசன் பார்க்கிற பெரிய உத்தியோகம் இதுதான்.

வசந்த காலத்துக்குள் முடிந்துவிடும். அவுஸ்திரேலியாவுக்குத் திரும்பி வருகிற விசா மே மாதம் வரைக்கும் இருக்கிறதுதானே. அந்தரப்படாதேயும்.

அன்புடன்,
கீர்த்தனன்

*

கிரான்பர்ன்,
18 டிசம்பர் 2025

என் இஞ்சருங்கோவுக்கு,

மேயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! உங்கள் குடிவரவுக் கணக்கைத் திறந்து பார்க்கப் போனேன். உள்ளே போவதற்கான இரகசிய இலக்கம், நீங்கள் கொள்கைக்காக மூடின அந்தப் பழைய மின்னஞ்சலுக்குத்தான் போகிறது. நினைவூட்டல் வந்திருந்தாலும் அங்கேதான் வந்திருக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். கடைசியில் சூட்கேஸைக் கவிழ்த்துக் கொட்டிப் பழைய கடதாசியைக் கண்டுபிடித்தேன். மார்ச் 14.

அதற்குள் நீங்கள் மெல்பேர்னில் வந்து இறங்க வேண்டும். நீங்கள் இங்கே இருந்த நாட்கள் போதாதபடியால் நீடிப்புக் கிடைப்பது சந்தேகம் என்று குடிவரவு முகவர் சொன்னார். பிந்தினால் சுற்றுலாப் பயணியாக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம். குடியிருக்க வேண்டுமென்றால் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும்.

இன்னொன்று. முழங்காலுக்கு ஒப்பரேஷன். மார்ச் 20 என்று திகதி தந்திருக்கிறார்கள். இரண்டு கிழமை நடக்க ஏலாதாம். எனக்குப் பயமாக இருக்கிறது. ஊசிக்கு இல்லை, கண் முழிக்கும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டிய கதிரை வெறுமையாக இருந்துவிடுமோ என்றுதான். வாங்கோ. வேறொன்றும் கேட்கவில்லை.

மூன்று வீடு தள்ளியிருக்கிற இராஜேஸ்வரி அன்ரி நேற்று, "மனுசன் வாறதுக்குப் பிளேன் ரிக்கெற் போட்டிட்டாரோ பிள்ளை?" என்று கேட்டா. "ஓம் அன்ரி, போட்டிட்டார்" என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்காதீங்கோ.

உங்கள் தர்சினி

*

ஜேர்மனி,
6 பெப்ரவரி 2026

அன்பின் தர்சினிக்கு,

பதில் பிந்தியதற்குக் கோபிக்காதேயும்.

முழு நகரசபையையும் புதியதற்கு மாற்றுகிற நாள் குறித்தாகிவிட்டது. பார்த்தால் அதே மார்ச் 14, 15, சனி ஞாயிறு. நான் இல்லாமல் ஒன்றும் அசையாது. மேயரே என் கையைப் பிடித்துக் கேட்டார். இந்த நேரத்தில் விட்டுவிட்டு வந்தால் இரண்டு வருட உழைப்பும் ஆற்றில் கரைத்த புளிதான்.

விசாவைப் பிறகு பார்ப்போம். ஏப்ரலில் எப்படியும் வாறன். ஒப்பரேஷனைக் கொஞ்சம் பின்போட ஏலாதோ? கேட்டுப் பாரும்.

எனக்கும் களைப்புத்தான், தர்சினி. காலையில் எழும்பி முகம் கழுவுவதே ஒரு வேலையாக இருக்கிறது. வினுஷாவை நன்றாகப் படிக்கச் சொல்லும்.

அன்புடன்,
கீர்த்தனன்

*

கிரான்பர்ன்,
15 மார்ச் 2026

கீர்த்தனனுக்கு,

நேற்று மார்ச் 14. இரவு எட்டு மணி வரைக்கும் விமானங்கள் வந்து இறங்கும் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரி.

நீங்கள் வரமாட்டீர்கள் என்பது எனக்கு முதலே தெரியும். பெப்ரவரி 12 அன்று வினுஷா போனைக் கொண்டு வந்து, "அம்மா, அப்பான்ரை ப்ரொஜெக்ட் கான்சல் ஆகிட்டுது" என்றாள். உங்கள் நகரசபையின் இணையத்தளத்தில் போட்டிருந்ததை, நீங்கள் வெறுக்கிற அதே கம்பெனியின் மொழிபெயர்ப்பில் வாசித்திருக்கிறாள். ஜனவரி 21இல் வாக்கெடுத்தார்களாம். பழைய கம்பெனியோடேயே இன்னும் ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தமாம். உங்கள் திட்டம் அன்றோடு நின்றுவிட்டதாம்.

அதற்கு எட்டு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. மேயர் கையைப் பிடித்துக் கேட்டாராம்! குசினியில், அடுப்புக்கு முன்னால் நின்றபடியே இரண்டு தரம் வாசித்தேன்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனில் கதைத்தோம். ஒவ்வொரு முறையும் "வேறென்ன?" என்று கேட்டேன். "வேறொன்றுமில்லை" என்றீர்கள். நீங்களாகச் சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தோற்றுப்போய் வந்து நின்றிருந்தாலும் சோறு போட்டிருப்பேன். ஏன் தோற்றீர்கள் என்று ஒரு சொல் கேட்டிருக்க மாட்டேன். ஊர்க்காரர் மாற விரும்பாததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? அந்தக் கல்லறை அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து நிறம் பூசிக் கொடுத்த மனிதனுக்கு, என் பக்கத்தில் வந்து இருக்க ஏன் மனம் வரவில்லை? வெட்கமா, விருப்பமில்லையா என்று மூன்று கிழமையாக யோசித்தேன். இனி யோசிக்கத் தெம்பில்லை. ஏப்ரலில் வருவதாக இருந்தால் வினுஷாவைப் பார்க்க வாங்கோ. அவள் உங்கள் பிள்ளை.

இந்தக் கடிதம் கிடைக்கும்போது ஒப்பரேஷன் முடிந்திருக்கும். போன கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நேர்ஸ் போன் எடுத்தா. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைத்தான் போட்டிருந்தேன். அழைத்தால் எவ்வளவு நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவார் என்று கேட்டா. அந்தப் பெயரை வெட்டச் சொல்லிவிட்டு இராஜேஸ்வரி அன்ரியின் இலக்கத்தைக் கொடுத்தேன்.

அன்ரி எவ்வளவு நேரத்தில் வருவா என்று நேர்ஸ் திரும்பவும் கேட்டா. இருபது நிமிடம் என்றேன்.

தர்சினி