எய்னு என்றால் நான் போகிறேன்

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு
மஞ்சு லிதுவேனிய மொழித் தேர்வில் மறுபடியும் தவறிவிட்டாள். மருத்துவப் பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் அவள் படிக்கும் கௌனஸ் ஊர் நோயாளி ஆங்கிலத்திலா முனகுவான்? அப்பன் எதற்கு இருக்கிறேன்? முப்பது வருடம் மின்வாரியத்தில் கோப்பு பார்த்தவனுக்கு ஒரு வினைச்சொல் எம்மாத்திரம்? ‘எய்தி’ – போவது. அதில் தொடங்குகிறேன்.

பிப்ரவரி 14
எய்னு – நான் போகிறேன். எய்னி – நீ. எய்னா – அவன், அவள், அவர்கள், எல்லாருக்கும் அதுவே! எங்கள் பழைய மேனேஜர் மாதிரி, யார் வந்தாலும் ஒரே பதில். அதுவும் நடந்து போனால்தான் எய்தி. குற்றாலத்துக்கு பஸ் ஏறினால் வினையே வேறு.

பிப்ரவரி 23, ஞாயிறு
பழைய லிதுவேனிய மொழியில் ‘நான் போகிறேன்’ என்பது எய்மி. வடமொழியில் ஏமி. ஒரே வேர்! உடம்பு சிலிர்த்துவிட்டது. மஞ்சுவுக்குப் போனில் முக்கால் மணி நேரம் விளக்கினேன். நடுவில், “அப்பா, ஒண்ணு சொல்லணும்” என்றாள். முதலில் இறந்தகாலம் சொல் என்றேன். எயாவ் – போனேன். சரியாகச் சொன்னாள். என்ன சொல்ல வந்தாள்? அடுத்த வாரம் கேட்க வேண்டும்.

மார்ச் 2
கேட்க மறந்துவிட்டேன். எதிர்காலம் நடத்தினேன்.

மார்ச் 20
இலஞ்சி கோயில் விழா நோட்டீஸ் வந்தது. உபயதாரர் பட்டியலில் ‘டாக்டர் மஞ்சு, லிதுவேனியா’. படிப்பு முடிய இன்னும் மூன்று வருடம் இருக்கிறதுதான். ஆனால் நம் ஊரில் சீட் கிடைத்த அன்றைக்கே டாக்டர்தானே? அதைப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டு முத்துக்குமாரசாமி அண்ணாச்சி முழங்கால் வலிக்கு யோசனை கேட்க அவள் நம்பர் வாங்கிப்போனார். பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 22
அண்ணாச்சி வந்தார். உட்காரவில்லை.

“ஏ சுப்பிரமணி, ஒம் பொண்ணு காலேஜுக்குப் போயி ஆறு வாரம் ஆச்சாம்லா. ரூம விட்டு வெளிய வரவே பயமா இருக்காம். அழுதாடே.”

உங்களிடம் எதற்குச் சொன்னாள் என்றேன். வேறென்ன கேட்க?

“‘எப்படிம்மா இருக்க’ன்னு கேட்டேன். அவ்வளவுதான்.”

என் மனைவி லோகநாயகி உள்ளேயிருந்து வந்தாள். “எங்கிட்ட போன வாரமே சொல்லிட்டா. ஒங்ககிட்ட சொல்லுததுக்கு அவளுக்கு எங்க எடம் குடுத்திய?”

நான் என்ன மனுசன்? வாராவாரம் புள்ளைய நிக்கவச்சு... போனேன், போவேன்னு... சீ!

மார்ச் 23, ஞாயிறு
போன் செய்தேன். “ஏட்டி, வீட்டுக்கு வந்துரு” என்றேன். அழுதாள். நானும்தான்.

ஜூன் 15
சாரல் தொடங்கிவிட்டது. மஞ்சு வந்து பத்து வாரம். செப்டம்பரில் திரும்புவாளா என்று அண்ணாச்சி கேட்டார். தெரியாது என்றேன்.

இன்று அவளாகவே செருப்பை மாட்டிக்கொண்டு தனியாக ஐந்தருவிக்குப் போனாள். மத்தியானம் சொட்டச் சொட்ட நனைந்து வந்து, துவட்டாமலே பேச ஆரம்பித்தாள். கூட்டம், தண்ணீரின் வேகம், யாருடைய பஜ்ஜியையோ குரங்கு பிடுங்கியது. அருவியைப் பற்றி எனக்கும் இரண்டு விஷயம் தெரியும். வாயைத் திறக்கவில்லை. சோறு ஆறிவிட்டது.