அம்சாவுக்கு இருப்பது

திண்டிவனம்
18-2-1964

அன்புள்ள தம்பி துரைக்கண்ணுவுக்கு, அக்கா கிளியம்மாள் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், நடமாடுகிறோம். அதற்குப் பெயர் சுகம் என்றால் சுகம்தான். பூனாவில் உன் உடம்பும் ரயில்வே வேலையும் நல்லபடி இருக்க வேண்டும். மல்லாட்டை பிடுங்கியாயிற்று. இந்தத் தடவை கடலை விளைச்சல் சுமார்.

விழுப்புரத்திலிருந்து அம்மா உனக்கு எழுதியிருப்பாள். நீ அதற்குப் பதில் போடுமுன் இது உன் கையில் கிடைக்க வேண்டுமே என்று பதைப்போடு எழுதுகிறேன். உன் பெண்டாட்டி அம்சா இருக்கும்போதே உனக்கு இரண்டாம் கல்யாணத்துக்குப் பங்குனியில் நாள் பார்த்துவிட்டாள். பெண் யார் என்று எழுதினாளோ, மறைத்தாளோ. என் மகள் ருக்குதான்.

போன வாரம் இங்கே வந்து உட்கார்ந்துகொண்டு, "அக்கா பொண்ணு கண்ணெதிர இருக்கசொல்ல அசல்ல எதுக்குத் தேடணும்? அம்சாவுக்குக் கர்ப்பப்பை ரெண்டா பிரிஞ்சி கெடக்குதுன்னு பாண்டிச்சேரில படம் புடிச்சி சொல்லிட்டாங்க. ரெண்டு கலைஞ்சிப் போச்சி. இனிமே அதுல எங்க புள்ள தங்கும்?" என்று உன் மாமாவிடம் கேட்டாள். ருக்குவைப் பெற்ற அந்த மனுஷரும் தலையாட்டிவிட்டார். சர்க்கார் வேலைக்காரன் இரண்டாம் தாரம் கட்டினால் வேலை போய்விடும் என்றேன். ஏதாவது கோயிலில் வைத்துக் கட்டினால் எவனுக்குத் தெரியும் என்கிறாள் அம்மா. மாமா, மாமா என்று உன்னைச் சுற்றி வந்த ருக்கு, இப்போது உன் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள்.

இனி எழுதுவது தம்பிக்கு அக்கா எழுதும் சங்கதி இல்லை. வெட்கத்தைப் பார்த்தால் ஆகாது. சின்னவன் பிறந்தபின் நான் கர்ப்பத்தடை ஆபரேஷன் செய்துகொண்டேன் அல்லவா? மறுநாள் லேடி டாக்டர் என் கட்டிலருகே வந்து, என் கர்ப்பப்பையும் மேலே இரண்டாகப் பிரிந்துதான் இருக்கிறது என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று பெற்றேனே டாக்டரம்மா என்றேன். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை என்றார். பிள்ளை தங்காதவளைத்தான் படம் எடுத்துப் பார்க்கிறார்களாம். பெற்றவளை யார் பார்க்கிறார்கள்? பார்த்தால், பிள்ளை குட்டியோடு நடமாடும் எத்தனையோ பேருக்குப் பிறவியிலேயே இப்படி ஏதாவது இருக்குமாம். சிலருக்குக் கலையும், சிலருக்குக் குறைமாதத்தில் பிறக்கும், பலருக்கு ஒன்றுமே ஆகாது என்றார்.

அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். "வெளிய சொல்லிக்கினு திரியாத. ஒம் பொண்ண எவன் கட்டுவான்?" என்று என் வாயைப் பொத்தினாள். இப்போது அவளேதான் அந்தப் பெண்ணை உனக்குக் கேட்கிறாள்! அம்சாவுக்கு இருப்பதுதானே எனக்கும் இருக்கிறது என்றால், நீ பெற்றவள், உனக்கென்ன குறை என்கிறாள். எனக்கு வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நாளைக்கு ருக்குவுக்கும் அப்படி இருந்து, அவளுக்கும் இரண்டு கலைந்தால், அம்மா அப்புறம் யார் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போவாள்?

இன்னொன்றும் கேள். நீ தீபாவளிக்கு வந்து போனாயே, அம்சாவுக்கு இது நாலாம் மாதம். என்னிடம் மட்டும் சொன்னாள், உனக்குக்கூட எழுதியிருக்கமாட்டாள். இதுவும் போய்விட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவளுக்குப் பயம். டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறாராம். அம்மாவுக்குத் தெரியாமல் எங்கே படுப்பது? குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிக்கொண்டிருக்கிறாள். குவார்ட்டர்ஸ் கிடைக்கட்டும் என்று நீ அவளை விழுப்புரத்தில் அம்மாவிடம் விட்டு வைத்தது போதும்.

நாளைக் காலை ரயிலில் விழுப்புரம் போய் அவளை இங்கே அழைத்து வரப்போகிறேன். அம்மா மறிப்பாள். உன் மாமாவும் கத்துவார். நான் பார்த்துக்கொள்கிறேன். முடியாது என்று நீ அம்மாவுக்கு உடனே தந்தி அடி. என் வயிற்றுச் சங்கதியை உன் மாமாவிடம் நானே சொல்லிவிடுகிறேன். அதனால் ருக்குவுக்கு வரும் நாலு வரன் தட்டிப் போனால் போகட்டும்.

அம்சாவும் அவள் வயிற்றில் இருப்பதும் நன்றாக இருக்க அம்மன் துணை. லீவு போட்டுக்கொண்டு வா. என்றைக்காவது ருக்கு கல்யாணத்துக்கு நீ தாய்மாமனாகச் சீர்த்தட்டோடு என் வாசல் ஏறி வரவேண்டும். தாலியோடு மட்டும் வந்துவிடாதே, தம்பி.

உன் அக்கா,
கிளியம்மாள்